மனோவா கேட்ட கேள்வி: பிள்ளை வளர்க்க ஞானம் கேட்டு ஜெபிப்பது எப்படி

இரவு குடும்ப ஜெபத்தை முடித்துவைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வழக்கம்போல ஜெபித்துக்கொண்டிருந்தேன். “ஆண்டவரே, பெற்றோருக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும். போனில் நேரத்தை வீணடிக்காதபடி காத்துக்கொள்ளும். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கிற ஒழுங்கைக் கொடும்.” ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. “அப்பா, இதெல்லாம் ஆண்டவர்கிட்ட சொன்னீங்களா, இல்ல என்கிட்ட சொன்னீங்களா?”

மனைவி பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. “ஜெபத்துல பேசக்கூடாது” என்று சொல்லிச் சமாளித்தேன். ஜெபம் முடிந்துவிட்டது என்பதுகூட உறைக்கவில்லை.

படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்காக ஜெபித்திருக்கிறேன். அதில் முக்கால்வாசி, அவர்கள் காதில் விழட்டும் என்று பரலோகம் வழியாகச் சுற்றி அனுப்பிய புத்திமதி. மீதி, ‘இவனை மாற்றும், இவளைத் திருத்தும்’ என்ற மனு. நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நான் போதகர் இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, அவ்வளவுதான். அந்த இரவுக்குப் பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

கேள்வியை மாற்றுங்கள்

நியாயாதிபதிகள் 13-ஆம் அதிகாரத்தைச் சிம்சோன் பிறந்த கதையாகத்தான் படித்திருப்போம். அதில் மனோவா என்று ஒரு அப்பா வருகிறார். பிள்ளை பிறக்கப்போகிறது என்று தேவதூதன் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மனோவா அதைக் கேட்டதும் செய்கிற ஜெபம் 8-ஆம் வசனத்தில் இருக்கிறது. பிறக்கப்போகிற பிள்ளைக்காக நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும்படி, அந்த மனுஷனைத் திரும்ப அனுப்பும் என்கிறார். பிள்ளை நல்லவனாக வர வேண்டும், பலசாலியாக வர வேண்டும் என்றெல்லாம் அங்கே இல்லை. ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்’, அவ்வளவுதான்.

பதிலும் கவனிக்க வேண்டியது. தூதன் திரும்ப வருகிறார். வருவது மனோவாவிடம் இல்லை, வயல்வெளியில் தனியாக இருந்த அவர் மனைவியிடம். அவள் ஓடிப்போய்க் கணவனை அழைத்து வருகிறாள். பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று மனோவா நேரடியாகவே கேட்கிறார். புதிதாக ஒன்றுமே சொல்லப்படவில்லை. ‘நான் உன் மனைவிக்குச் சொன்னதில் அவள் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்பதுதான் பதிலின் சாரம். திராட்சரசம் குடிக்கக் கூடாது, தீட்டானதைச் சாப்பிடக் கூடாது. எல்லாம் அம்மா செய்ய வேண்டியது. பிள்ளை வளர்ப்பைப் பற்றிக் கேட்டால், பெற்றவர்கள் நடக்க வேண்டிய விதத்தைப் பற்றிப் பதில் வருகிறது.

இதிலிருந்து முதல் படி. உங்கள் வழக்கமான ஜெபத்தை ஒரு முறை அப்படியே காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ‘என் மகன் பொய் சொல்லாமல் இருக்கச் செய்யும்’ என்று இருந்தால் அதை அடிக்க வேண்டாம். கீழேயே இன்னொரு வரி சேருங்கள்: ‘அவன் என்னிடம் உண்மை சொல்ல நான் என்ன செய்ய வேண்டும்?’ முதல் வரியைச் சொல்வது சுலபம். இரண்டாவதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கும். பதில் வந்தால் நான்தானே எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டும்!

தெரியவில்லை என்று சொல்லப் பழகுங்கள்

ஞானம் என்றாலே எல்லோரும் எடுக்கிற வசனம் யாக்கோபு 1:5. அதில் நாம் ஓட்டமாகத் தாண்டிப் போகிற ஒரு வார்த்தை உண்டு: “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்.” ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும், தேவன் சம்பூரணமாய்க் கொடுப்பார், கடிந்துகொள்ள மாட்டார். அதாவது, ‘இத்தனை வயசாச்சு, இதுகூடத் தெரியாதா?’ என்று அவர் கேட்பதில்லை.

கணக்கு சொல்லித்தரும்போது மகனிடம் நான் வாரத்துக்கு நாலு தடவை சொல்கிற வசனம் அது. அதனால்தானோ என்னவோ, ஆண்டவரும் அப்படித்தான் கேட்பார் என்று உள்ளுக்குள் ஒரு பயம். தெரிந்த மாதிரியே ஜெபிப்பேன். பிரச்சினையையும் சொல்லி, தீர்வையும் நானே சொல்லி, கையெழுத்து மட்டும் போடும் என்று நீட்டுவேன்.

யூதாவின் ராஜா யோசபாத் பெரும்படை வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஜனங்கள் முன்னால் நின்று, செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது என்று ஜெபிக்கிறார் (2 நாளாகமம் 20:12). அடுத்த வசனத்தைப் பாருங்கள். அங்கே குழந்தைகளும் நின்றுகொண்டிருந்தார்கள். தங்கள் அப்பாக்களுக்கு ராஜாவாக இருப்பவர், ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதை அந்தப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள்.

இப்போது குடும்ப ஜெபத்தில் நானும் அப்படி ஒரு வரி சேர்க்கிறேன். “ஆண்டவரே, இன்னைக்கு நான் கத்தினது சரியா தப்பான்னு எனக்கே தெரியல.” முதல் முறை சொன்னபோது மகன் ஒரு கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தானாம். அவள் சொல்லித்தான் தெரியும்.

நேரம்

நீண்ட ஜெபம் நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது கிடைத்தால்தான் உண்டு. ஞானம் தேவைப்படுகிற நேரமோ பெரும்பாலும் மூன்று விநாடிதான்: பிள்ளை ஏதோ சொல்லிவிட்டது, நாம் வாயைத் திறக்கப்போகிறோம். ராஜா நெகேமியாவிடம் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று கேட்கிறார். பதில் சொல்வதற்கு முன்னால் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்ததாக எழுதியிருக்கிறது (நெகேமியா 2:4). ராஜா எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார்? அந்த அளவுக்குச் சின்ன ஜெபம். ‘ஆண்டவரே, வாயைக் காத்துக்கொள்ளும்’ என்பது என்னுடையது. உங்களுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், நாலு வார்த்தைக்கு மேல் போகாமல்.

அதோடு வாரத்தில் ஒரு நாளை ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். சூசன்னா வெஸ்லிக்குப் பிறந்தவர்கள் 19 பேர். அவர்களில் 9 பேர் குழந்தையிலேயே இறந்துபோனார்கள். வீட்டில் மீதி இருந்த பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒவ்வொரு இரவை ஒதுக்கித் தனித்தனியாகப் பேசியதாக 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். வியாழக்கிழமை ஜானுக்கு. பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான் அந்த ஜான். பெரியவரான பிறகும் அந்த வியாழக்கிழமைகளை அவர் மறக்கவில்லை. எனக்கு இரண்டே பேர். செவ்வாய் மகளுக்கு, வெள்ளி மகனுக்கு. அன்றைக்கு அந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் ஜெபிப்பேன். அன்றைக்கே அந்தப் பிள்ளையோடு பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசுவேன். பேச்சு இல்லாமல் ஜெபம் மட்டும் என்றால், எதைப் பற்றி ஞானம் கேட்கிறோம் என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

குளியலறையில் கேட்ட பதில்

போன வருடம் மகனுடைய பைக்குள் எதையோ தேடப்போய், மதிப்பெண் அட்டை கையில் வந்தது. இரண்டு பாடத்தில் பெயில். கீழே பெற்றோர் கையெழுத்து இருக்கிறது, நான் போடாத கையெழுத்து. என் பெயரை எழுதிவிட்டு அடியில் ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுப்பது என் பழக்கம். அவன் அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தான்.

அவன் பக்கத்து அறையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் வீட்டில் உள்ளே தாழ்ப்பாள் போட முடிகிற அறை குளியலறை ஒன்றுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அட்டையைக் கையில் வைத்தபடியே நின்றேன். முதல் இரண்டு நிமிடம் ஜெபம் இல்லை, வசைதான். ‘திருட்டுப்பயலா வளர்ந்திருக்கான், பாரும் ஆண்டவரே.’ அதெல்லாம் தீர்ந்த பிறகு மனோவாவின் கேள்வியைக் கேட்டேன். நான் என்ன செய்ய வேண்டும்?

குரல் எதுவும் வரவில்லை. ஒரு ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். இதற்கு முந்தைய தேர்வில் அவன் இதே அட்டையை நீட்டியபோது நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை.

வெளியே வந்து அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தேன். அட்டையை நடுவில் வைத்தேன். பாட்டு நின்றது. “தம்பி, போன தடவை நீ மார்க் காட்டினப்போ அப்பா என்ன சொன்னேன்?”

ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான்: “‘இந்த மாதிரி மார்க்கை என் முன்னாடி கொண்டுவந்து நீட்டாதே’ன்னு சொன்னீங்க.”

சொன்னபடி கேட்டிருக்கிறான்!

நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்காக அவன் செய்ததை அப்படியே விட்டுவிடவில்லை. மறுநாள் வகுப்பாசிரியரிடம் அவனே போய் உண்மையைச் சொன்னான், நான் பக்கத்தில் நின்றேன். தண்டனை கிடைத்தது. ஞானம் என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குளியலறைக்குப் போகாமல் நேராக அவன் அறைக்குப் போயிருந்தால், தண்டனை மட்டும் நடந்திருக்கும். அந்த வாக்கியம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அடுத்த முறை கோட்டை ஸ்கேல் இல்லாமல் போடக் கற்றுக்கொண்டிருப்பான்.

இந்த இடத்தில் சாலொமோனைச் சொல்ல வேண்டும். கிபியோனில் அவர் தேவனிடம் கேட்டது ‘ஞானமுள்ள இருதயம்’ என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. எபிரெயத்தில் அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘கேட்கிற இருதயம்’. ஒரே குழந்தையை என்னுடையது என்று இரண்டு தாய்மார் சொல்லிவந்த வழக்கில் அந்த இருதயம் என்ன செய்தது என்று 1 இராஜாக்கள் 3:23-இல் பாருங்கள். பட்டயத்தைக் கொண்டுவரச் சொல்வதற்கு முன்னால், இவள் இப்படிச் சொல்கிறாள், அவள் அப்படிச் சொல்கிறாள் என்று இருவர் சொன்னதையும் அவர் திரும்பச் சொல்கிறார். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்தால் இதை அப்படியே செய்யலாம். தீர்ப்புச் சொல்லும் முன் ஒவ்வொருவர் சொன்னதையும் நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். ‘நான் அப்படிச் சொல்லல’ என்று பாதியில் ஒருவர் திருத்துவார். விஷயம் அங்கேதான் இருக்கும்.

வந்த பதிலைச் சோதியுங்கள்

ஜெபத்தில் மனதில் தோன்றுவதெல்லாம் தேவன் தந்தது இல்லை. நம் பயமும் பேசும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற கவலையும் பேசும். இரண்டும் பக்தியான குரலிலேயே பேசும். நான் வைத்திருக்கும் சல்லடை யாக்கோபு 3:17. பரத்திலிருந்து வருகிற ஞானம் முதலாவது சுத்தமுள்ளது, பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கம் நிறைந்தது, பட்சபாதம் இல்லாதது, மாயம் இல்லாதது. தோன்றிய யோசனையை இந்த வார்த்தைகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் சலியுங்கள். என் யோசனைகள் பாதிக்கு மேல் ‘இணக்கம்’ என்ற இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். ‘பட்சபாதமில்லாதது’ இன்னொரு கண்ணி: ஒரே தப்புக்கு மகளுக்கு ஒரு சட்டம், மகனுக்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறேன் என்பது அந்த வார்த்தையில்தான் பிடிபட்டது.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டு ஆட்டுத்தோல் போட்டாரே என்பார்கள். அவரிடம் என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டாகிவிட்டது. தைரியம் இல்லாமல்தான் தோல் போட்டார். அதற்குப் பதிலாக நீதிமொழிகளைத் தேதிப்படி படியுங்கள். 31 அதிகாரம் இருக்கிறது. இன்று என்ன தேதியோ அந்த அதிகாரம். ஒரு வருடம் ஓட்டினால் தேவையான வசனம் தேவையான நேரத்தில் தானாக நாக்கில் வந்து நிற்கும். 15:1-ஐயும் 18:13-ஐயும் மனப்பாடமே செய்துவிடுங்கள். முதலாவது மெதுவான பதிலைப் பற்றியது, இரண்டாவது முழுவதும் கேட்காமல் பதில் சொல்கிறவனைப் பற்றியது. இரண்டும் எனக்காகவே எழுதியது.

இன்னொரு சோதனை, கணவனோ மனைவியோ. தூதன் மனோவாவின் மனைவியிடம்தான் இரண்டு முறையும் வந்தார். தூதன் போன பிறகு ‘தேவனைப் பார்த்துவிட்டோம், செத்தோம்’ என்று மனோவா பதறுகிறார். அவள்தான் நிதானமாக யோசித்துப் பதில் சொல்கிறாள்: நம்மைக் கொல்ல நினைத்திருந்தால் நம் பலியை ஏற்றுக்கொண்டிருப்பாரா? ஜெபத்தில் எனக்கு ஏதாவது தோன்றினால் இப்போது மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை. “ஏங்க, அதைத்தானே நான் ஆறு மாசமா சொல்லிட்டிருக்கேன்” என்று அவள் சொன்னால், அது சரியான பதிலாகத்தான் இருக்கும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் சபையில் பிள்ளை வளர்த்து முடித்த, வாயைக் காக்கத் தெரிந்த ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவரிடம் போக வேண்டியதை ஜெபத்தில் தள்ளிப்போடாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல் இருக்கிறதா, சாக வேண்டும்போல இருக்கிறது என்று சொல்கிறதா, யாரைக் கண்டாவது நடுங்குகிறதா, அன்றைக்கே உதவி தேடிப் போங்கள். போகிற வழியில் ஜெபித்துக்கொள்ளலாம். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு ஜெபம் மட்டும் போதும் என்று பவுல் எழுதவில்லை.

நோட்டுப் புத்தகம்

ஒரு கோடு போட்ட நோட்டு போதும். இடது பக்கத்தில் தேதியும் கேள்வியும் எழுதுங்கள், ‘நான் என்ன செய்ய வேண்டும்’ என்று முடிகிற மாதிரி. வலது பக்கம் காலியாக இருக்கட்டும். பிள்ளை எப்படி மாறியது என்பதை அங்கே எழுத வேண்டாம். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். இதை நோட்டு ஆரம்பித்து நாலு மாதம் கழித்துத்தான் மாற்றிக்கொண்டேன். அதுவரை வலது பக்கம் பிள்ளைகளின் குற்றப்பத்திரிகையாக இருந்தது. மகள் கையில் கிடைத்திருந்தால் தொலைந்தேன்.

சில பக்கங்கள் நிரம்பாது. பிற்காலத்தில் பெரிய இறையியலாளரான ஆகஸ்டினின் தாய் மோனிக்கா மகனுக்காக வருடக்கணக்கில் அழுதார். அவனிடம் பேசுங்கள் என்று ஒரு பிஷப்பைப் போய்க் கேட்டபோது, இப்போது பேசிப் பயனில்லை, விடுங்கள், ஜெபம் மட்டும் செய்யுங்கள் என்று அவர் மறுத்துவிட்டார். 383-இல் மகன் ரோமுக்குக் கப்பல் ஏறக் கூடாது என்று மோனிக்கா அழுது ஜெபித்த இரவில்தான், அவன் அவரை ஏமாற்றிவிட்டுக் கிளம்பிப் போனான். அந்தப் பயணம்தான் அவனை மிலானுக்கும், அங்கே பிஷப்பாக இருந்த அம்புரோஸிடமும் கொண்டுசேர்த்தது. 387-இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்றான். அன்றிரவு அந்தத் தாய் கேட்டது கிடைக்கவில்லை, எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்தது என்று ஆகஸ்டினே பின்னால் எழுதினார். இதைப் படித்துவிட்டு எனக்கும் இப்படியே நடக்கும் என்று நான் கணக்குப் போடுவதில்லை. சிம்சோனின் பெற்றோரும் சரியான கேள்வியைத்தான் கேட்டார்கள். சிம்சோன் எப்படி வாழ்ந்தான் என்று நமக்குத் தெரியும்.

என் நோட்டிலும் அப்படி ஒரு பக்கம் உண்டு. மகளுக்கு இப்போது பதினேழு. எட்டு மாதமாக ஆராதனைக்கு வருவதில்லை. செவ்வாய்தோறும் கேட்கிறேன். இதுவரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: ஞாயிறு காலையில் செருப்பு மாட்டும்போது ‘இன்னைக்காவது வரியா?’ என்று அவள் கதவருகே நின்று கேட்பதை நிறுத்த வேண்டும். கேட்டு எத்தனையோ வாரம் ஆன பிறகுதான் நிறுத்தினேன்.

போன ஞாயிறு கிளம்பும்போது கதவு சாத்தியிருந்தது. “போயிட்டு வரோம்மா” என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து “சரிப்பா, பாத்துப் போங்க” என்று வந்தது. வலது பக்கத்தில் அன்றைய தேதி போட்டு, ‘கேட்கவில்லை’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.